பேரல் ரேஸ், ரோப்பிங் குதிரைக்கு எந்தப் பிட்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

நம் பேச்சில் கடிவாளம் என்றால் தலைவார், லகான், வாயிரும்பு எல்லாம் சேர்ந்ததுதான். டெக்சாஸ் பக்கம் ரோடியோ குதிரை வைத்திருப்பவரிடம் போய் "கடிவாளம் சரியில்லை" என்று சொன்னால், "அதில் எது?" என்று திருப்பிக் கேட்பார். அதனால் வாய்க்குள் போகும் வாயிரும்பையும் அதன் பக்கக் கம்பிகளையும் சேர்த்து இங்கே பிட் என்றே எழுதுகிறேன். புதியவர்களுக்கு ஒரு வரி: பேரல் ரேஸ் என்றால் குதிரையில் மூன்று பீப்பாய்களைச் சுற்றி வேகமாக ஓடித் திரும்பும் போட்டி, ரோப்பிங் என்றால் குதிரைமேல் இருந்து காளையையோ கன்றையோ கயிற்றுச் சுருக்கில் பிடிக்கும் போட்டி. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கேட்டிருப்பது ஒன்றுதான்: "இப்போது போட்டிருப்பதைவிடக் கடுமையான பிட் எது?" முதல் கேள்வியும் அதுவே. அதற்கு நிதானமாகப் பதில் சொல்கிறேன்.

என் மகளுக்கு 13 வயது. ஒரு வருடமாகப் பேரல் ரேஸ் ஓடுகிறாள். குதிரை முதல் பீப்பாயில் வேகத்தைக் குறைக்காமல் அகலமாகச் சுற்றிப் போய்விடுகிறது. முறுக்குக் கம்பி வைத்த காக் பிட் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா? (ஆஸ்டின் அருகிலிருந்து ஓர் அப்பா)

வாங்காதீர்கள் சார். முதலில் ஒரு வேலை செய்யுங்கள். முதல் பீப்பாய்க்குப் பின்னால், பாதுகாப்பான தூரத்தில் நின்று, மகள் வருவதைப் போனில் வீடியோ எடுங்கள். குதிரை திரும்ப ஆரம்பிக்கும் இடத்தில் படத்தை நிறுத்திப் பாருங்கள். எனக்கு இப்படி வரும் வீடியோக்களில் அடிக்கடி பார்ப்பது இது: பிள்ளையின் கை மார்பு உயரத்துக்கு ஏறியிருக்கும், குதிரையின் வாய் திறந்திருக்கும், மூக்கு வானத்தைப் பார்க்கும், முதுகு குழிந்து பின்னங்கால்கள் வெகு பின்னால் கிடக்கும். அந்த நிலையில் இருக்கும் குதிரை திரும்ப நினைத்தாலும் திரும்ப முடியாது. பின்னங்கால் வயிற்றுக்கு அடியில் வந்தால்தான் அதற்குத் திருப்பம். கையை இழுக்க இழுக்கத் தலை மேலே போகும், கால் பின்னால் போகும். அந்தக் கையில் முறுக்குக் கம்பியைக் கொடுத்தால் தலை இன்னும் மேலே போகும், அவ்வளவுதான்.

வழக்கமான அளவில், நேரம் எண்ணத் தொடங்கும் கோட்டிலிருந்து முதல் பீப்பாய் 60 அடி. ஆனால் குதிரை அதற்கு முன்பே நுழைவுச் சந்திலிருந்து முழு வேகத்தில் வருகிறது. பீப்பாய்க்குச் சற்று முன்னால் அது அடியைச் சுருக்க வேண்டும். இதை இங்கே "ரேட்" என்பார்கள். ரேட் பிட்டிலிருந்து வருவதல்ல, உட்காரும் விதத்திலிருந்து வருவது. முன்னால் சாய்ந்து ஓட்டி வந்த பிள்ளை சேணத்தில் ஆழமாக உட்கார்ந்தால், குதிரைக்கு அது "இங்கே சுருக்கு" என்று கேட்க வேண்டும். ஷாங்க் (வாயிரும்பின் பக்கத்தில் கீழே இறங்கி லகானைத் தாங்கும் நெம்புகோல் கம்பி) இல்லாத சாதாரண ஸ்னாஃபிள் பிட்டைப் போட்டு, ட்ராட் என்ற மெல்லோட்ட நடையில் பீப்பாய்க்கு வந்து, உட்கார்ந்து, வாயால் சொல்லி நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ட்ராட்டில் நிற்காத குதிரை பாய்ச்சலில் நிற்காது. இரண்டு மூன்று வாரம் இதை மட்டும் செய்யட்டும்.

சரி, வீட்டில் எல்லாம் ஒழுங்காகச் செய்து, போட்டியில் மட்டும் மறந்துவிடுகிறது என்றால் அப்போது பிட்டைப் பற்றிப் பேசலாம். குட்டையான ஷாங்க், பக்கத்துக்குப் பக்கம் தனியாக அசையும் கன்னம் (பிட்டின் பக்கக் கம்பி), நடுவில் சிறு துண்டு வைத்து இரண்டு மூட்டாகச் செய்த வழுவழுப்பான வாயிரும்பு, கொஞ்சம் காக் நகர்வு. இதுவே 13 வயதுப் பிள்ளைக்கு அதிகம். காக் என்றால் வாயிரும்பு கன்னத்தில் சற்று மேலே நகர்ந்துவிட்டுப் பிறகுதான் இறுகும். அந்த நகர்வு குதிரைக்கு ஒரு முன்னறிவிப்பு. முறுக்குக் கம்பியோ மெல்லியது, அழுத்தம் முழுவதும் ஒரே கோட்டில் விழும். பிள்ளை ஒரு திருப்பத்தில் நிலை தடுமாறி லகானைப் பிடித்துத் தொங்கினால் நாக்கு வெட்டுப்படும். அப்படி வெட்டுப்பட்ட நாக்கை நான் கையால் இழுத்துப் பார்த்திருக்கிறேன். அந்தக் குதிரை அதற்கப்புறம் பல மாதம் பிட்டைக் கண்டாலே தலையைத் தூக்கிவிடும்.

7 அங்குல ஷாங்க் என்று போட்டிருக்கிறது. அது கடுமையா, மென்மையா? (ஹூஸ்டன்)

அந்த ஒரு எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. கடைக்குக் கடை அளக்கும் விதமும் மாறும். நீங்களே இரண்டு அளவு எடுங்கள். வாயிரும்பிலிருந்து மேலே தலைவார் மாட்டும் வளையம் வரை ஒன்று, வாயிரும்பிலிருந்து கீழே லகான் மாட்டும் வளையம் வரை இன்னொன்று. மேலே 1.5 அங்குலம், கீழே 4.5 அங்குலம் என்றால் விகிதம் ஒன்றுக்கு மூன்று. நெம்புகோல் கணக்குதான்: லகானில் ஒரு பவுண்டு இழுத்தால், தாடைக்கு அடியில் போகும் தாடை வாரில் சுமார் மூன்று பவுண்டு இறுகும்.

விகிதத்தைவிட நான் முதலில் பார்ப்பது கீழ்க் கம்பியின் வளைவு. பின்பக்கமாக வளைந்து போகும் ஷாங்க் மெதுவாக வேலை செய்யும், குதிரைக்கு யோசிக்க நேரம் தரும். நேராக இறங்கும் ஷாங்க் சட்டென்று பிடிக்கும். தாடை வாரையும் பாருங்கள். அதற்கும் தாடைக்கும் நடுவே இரண்டு விரலைப் படுக்கையாக விட முடிய வேண்டும். லகானை இழுத்தால் ஷாங்க் ஏறக்குறைய 45 டிகிரி திரும்பும்போது வார் பிடிக்க வேண்டும். நல்ல பிட்டை வாங்கித் தாடை வாரை மூச்சுமுட்டக் கட்டி வைத்திருப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். காசு செலவில்லாத திருத்தம் அது.

வார இறுதியில் டீம் ரோப்பிங் (இருவர் சேர்ந்து ஒரு காளையைப் பிடிப்பது) போகிறேன், தலைப்பக்கம் சுருக்குப் போடும் ஹெடராக. சுருக்கு விழுந்து, கயிற்றைச் சேணக் கொம்பில் சுற்றும் நேரத்தில் குதிரை தலையை மேலே எறிகிறது. டை-டவுன் வாரை இறுக்கலாமா, பிட்டை மாற்றலாமா? (ஃபோர்ட் வொர்த்)

அந்த நொடியில் உங்கள் இடது கை எங்கே இருக்கிறது என்று கவனித்தீர்களா? ஹெடருக்கு வலது கை கயிற்றைக் கொம்பில் சுற்றும் வேலையில் இருக்கும், கண் காளையின் மேல் இருக்கும். லகான் பிடித்த இடது கை தன்னையறியாமல் மேலே ஏறும். குதிரைக்கு அங்கே இரண்டு செய்தி ஒன்றாகப் போகிறது. பிட் "நில்" என்கிறது, கயிற்றில் வரும் கனம் "இழு" என்கிறது. அது தலையை எறிவதில் வியப்பில்லை.

ஹெட் குதிரை நிற்க வேண்டியதில்லை. வேகத்தைக் குறைத்து, தோளை நிமிர்த்தி, இடப்பக்கம் திரும்பி, காளையைச் சீராக இழுத்துக்கொண்டு போக வேண்டும். ஹீல் குதிரையின் வேலை வேறு: ஹீலர் பின்னங்கால்களில் சுருக்குப் போட்டதும் அது அழுத்தமாக நிற்க வேண்டும். அதனால் உங்கள் நண்பரின் ஹீல் குதிரைக்குப் பொருந்தும் பிட்டை அப்படியே கடன் வாங்கி மாட்டாதீர்கள். ஹெட் குதிரைக்கு நான் விரும்புவது, நாக்குக்குச் சற்று இடம்விடும் தாழ்ந்த வளைவு வைத்த வாயிரும்பும் நடுத்தர ஷாங்கும்.

டை-டவுன் என்பது மூக்குப் பட்டையிலிருந்து சேணத்தின் அடி வாருக்குப் போகும் வார், குதிரை தலையைத் தூக்கும்போது முட்டுக்கொடுத்துச் சமநிலை பிடிக்க ஒரு துணை. தலையைக் கீழே கட்டிப்போடும் கயிறாக அதை ஆக்கினால் கழுத்தின் அடிச்சதை தடித்துப் போகும், பயம் அப்படியே இருக்கும். ஒரு மாதம் காளை வேண்டாம். தரையில் ஒரு மரக்கட்டையைக் கயிற்றில் கட்டி, கயிற்றைக் கொம்பில் மெதுவாகச் சுற்றி, கையைத் தாழ்த்தி வைத்துத் திரும்பிப் பழகுங்கள். கை தாழ்ந்ததும் தலை இறங்குகிறதா என்று பாருங்கள். அப்போதும் இறங்கவில்லை என்றால் பல் மருத்துவம் பார்க்கும் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். முன்கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் முளைக்கும் சின்ன "ஓநாய்ப் பல்" இருந்தால், பிட் அதில் இடித்தும் இப்படித் தலையை எறியும்.

கன்று ரோப்பிங்கில் பிட்டிலிருந்து ஓட்டுபவரின் இடுப்புக்கு ஒரு கயிறு போகிறதே, அது எதற்கு?

அது ஜெர்க் லைன். பிட்டில் கட்டி, சேணத்தில் இருக்கும் ஒரு சின்னக் கப்பி வழியாக விட்டு, மிச்சத்தை மடித்து இடுப்பு பெல்ட்டில் செருகியிருப்பார்கள். ஓட்டுபவர் குதித்துக் கன்றை நோக்கி ஓடும்போது அது உருவிக்கொண்டே வரும். பிட்டில் விழும் அந்தச் சின்னச் சின்ன அசைவு குதிரைக்குப் "பின்னால் போ, கயிற்றைத் தளர விடாதே" என்று சொல்கிறது. லகானைப் பிடிக்க முதுகில் ஆளே இல்லாத நேரம் அது. அதனால்தான் கன்று ரோப்பிங் குதிரைக்குக் கூர்மையான பிட் கூடாது என்கிறேன். அசைவு செய்தியாகப் போக வேண்டும், வலியாகப் போனால் குதிரை பக்கவாட்டில் ஓடிவிடும்.

பழைய பிட் ஒன்று வாங்கினேன். வாயிரும்பு முழுக்கத் துரு. தூக்கி எறியவா?

வேண்டாம். அது ஸ்வீட் அயர்ன் என்ற வகை இரும்பாக இருக்கலாம், அது துருப்பிடிக்கத்தான் செய்யும். அந்தச் சுவைக்குக் குதிரை எச்சில் ஊறவிடும், வாய் ஈரமாக இருக்கும். விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். மேலோட்டமான பழுப்பு என்றால் நல்லது. குழிவிழுந்து சொரசொரக்கிறது என்றாலோ, மூட்டு தேய்ந்து விளிம்பு கூர்மையாகி இருந்தாலோ மாட்டாதீர்கள்.

என் குதிரையின் வாயோரம் கிழிந்திருக்கிறது. பிட்டே இல்லாத ஹாக்கமோர் போட்டுப் பேரல் ஓடலாமா? (டல்லஸிலிருந்து ஒரு மாணவி)

ஓடலாம் அம்மா, ஆனால் காயம் ஆறிய பிறகு. முதலில் கிழிந்த காரணத்தைக் கண்டுபிடி. பெரும்பாலும் அளவுதான். குவார்ட்டர் ஹார்ஸ் இனக் குதிரைக்கு 5 அங்குலம் பொதுவாகப் பொருந்தும், எல்லாவற்றுக்கும் அல்ல. குறுகலான பிட்டின் மூட்டு வாயோரத் தோலைக் கவ்வும்.

மெக்கானிக்கல் ஹாக்கமோர் வாயை விட்டுவிடும், ஆனால் மூக்கையும் தாடையையும் நெம்புகோலாக அழுத்தும். மென்மையானது என்று நினைத்து முழு பலத்தோடு இழுத்துவிடாதே. மூக்குப் பட்டை எலும்பின் மேல்தான் உட்கார வேண்டும், கீழே குருத்தெலும்புக்கு இறங்கினால் மூச்சை அடைக்கும். ஒரு பக்கமாக மட்டும் வளைக்க அது அவ்வளவு உதவாது, அதனால் திருப்பம் முன்பே நன்றாகப் பழகிய குதிரைக்குத்தான் சரிப்படும்.

அப்படிப் பழகிய குதிரை என்றால் என்ன என்பதற்கு, பேரல் வீராங்கனை சார்மெய்ன் ஜேம்ஸின் குதிரை ஸ்கேம்பரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1985 தேசிய ரோடியோ இறுதிப் போட்டியில், லாஸ் வேகாஸில், ஓட்டத்தின் நடுவே ஸ்கேம்பரின் தலைவார் கழன்றுவிட்டது. சார்மெய்ன் ஜேம்ஸ் அப்படியே ஓட்டி அந்தச் சுற்றை வென்றார். 1984 முதல் 1993 வரை தொடர்ந்து பத்து உலகப் பட்டம் அந்த ஜோடிக்கு. ஒவ்வொரு பீப்பாயிலும் எங்கே சுருக்க வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்று உடம்பிலேயே ஏறிய குதிரை அது.

போட்டி மைதானத்தின் நுழைவுச் சந்துக்குள் போகவே மறுத்து முன்னங்காலைத் தூக்குகிறது. வீட்டில் பசு மாதிரி இருக்கும். எந்தப் பிட்?

எதுவும் வேண்டாம். முன்காலைத் தூக்கும் குதிரைக்குப் பிட்டை வலுவாக்கினால் பின்னால் மல்லாக்க விழலாம், அது உங்கள் உயிருக்கே ஆபத்து. வயிற்றுப் புண், பின்கால் மூட்டு வலி, சேணம் அழுத்துவது என்று வரிசையாக மருத்துவரிடம் பாருங்கள். ஓடும் குதிரைகளுக்கு வயிற்றுப் புண் மிகச் சகஜம். உடம்பில் ஒன்றுமில்லை என்றால், போட்டி நாளில் பணம் கட்டாமல் அந்தச் சந்துக்கு நடத்திக் கூட்டிப் போங்கள். உள்ளே போய், நின்று, மூச்சு விட்டு, வெளியே வாருங்கள். அந்தச் சந்து என்றால் ஓட்டம் மட்டும்தான் என்று அது நினைப்பது மாற வேண்டும்.

கல்கரியில் இருக்கிறோம். நவம்பரில் பிட் ஐஸ் மாதிரி இருக்கிறது, குதிரை வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது.

சேணத்தை எங்கே வைத்தாலும் தலைவாரையும் பிட்டையும் வீட்டுக்குள் மாட்டி வையுங்கள். கொட்டகைக்குப் போகும்போது பிட்டைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு போங்கள். மாட்டும் முன் உங்கள் மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். உங்களுக்குக் கூசவில்லை என்றால் அதற்கும் கூசாது.