பாதிக்கப்பட்டவரும் பேசும் நீதி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: குற்றம் செய்தவரையும் பாதிக்கப்பட்டவரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசவைக்கும் முறை ஐரோப்பாவின் பல நாடுகளில் சட்டமாகவே இருக்கிறது என்று படித்தேன். நம் ஊரில் இதைத்தானே கட்டப் பஞ்சாயத்து என்று நீதிமன்றங்கள் கண்டிக்கின்றன? — வாசகர், மதுரை

பதில்: உங்கள் ஐயம் நியாயமானது, இந்த முறையைப் பற்றி முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுவே. கட்டப் பஞ்சாயத்தில் ஆள்பலமும் சாதிச் செல்வாக்கும் உள்ளவர் சொல்வதே முடிவாகிறது. புகார் காவல் நிலையத்தை எட்டிவிடக் கூடாது என்பதற்காகவே பெரும்பாலும் அது கூட்டப்படுகிறது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஆறுமுகம் சேர்வை வழக்கில், 2011ஆம் ஆண்டு, உச்ச நீதிமன்றம் இத்தகைய பஞ்சாயத்துகளைச் சட்டவிரோதமானவை என்று அறிவித்து, அவற்றை ஒழித்தாக வேண்டும் என்று கடுமையாகச் சொன்னது.

மறுசீரமைப்பு நீதி என்று இன்று அழைக்கப்படும் முறை, சட்டத்தின் கண்பார்வைக்குள்ளேயே நடப்பது. நார்வேயை எடுத்துக்கொள்வோம். மக்களுக்கிடையிலான பிணக்கை அரசும் சட்ட வல்லுநர்களும் அவர்கள் கையிலிருந்து பறித்துக்கொள்கிறார்கள் என்று குற்றவியல் அறிஞர் நீல்ஸ் கிறிஸ்டி 1977இல் வாதிட்டார். அந்த வாதத்தின் தாக்கத்தால் 1981இல் லியர் என்னும் நகராட்சியில் சோதனை முயற்சி தொடங்கியது. 1991இல் அது நாடு முழுமைக்குமான சட்டமாயிற்று. ஒரு பதினாறு வயதுப் பையன் கடைக் கண்ணாடியை உடைத்துப் பொருளைத் திருடிவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசுத் தரப்பு வழக்கை சமரச அலுவலகத்துக்கு அனுப்புகிறது. சமரசர் சட்டம் படித்தவராக இருக்க வேண்டியதில்லை. அதே வட்டாரத்தில் வசிக்கும், பயிற்சி பெற்ற ஒரு சாதாரணக் குடிமகன்தான். இரு தரப்புக்கும் சம்மதம் இருந்தால் மட்டுமே சந்திப்பு நடக்கிறது. கடைக்காரர் அந்த இரவுக்குப் பிறகு தன் கடையில் தனியாக இருக்க அஞ்சுவதைச் சொல்கிறார். பையன் அதைக் கேட்டாக வேண்டும். பிறகு பணமாகவோ வேலையாகவோ ஈடு செய்வதற்கான ஒப்பந்தம் எழுதப்படுகிறது. சமரசருக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கிடையாது. யாருக்கும் கட்டணமும் கிடையாது. கடைக்காரர் எந்த நிலையிலும் எழுந்து போகலாம். போனால் வழக்கு வழக்கமான பாதைக்குத் திரும்பும். இந்த எழுந்து போகும் உரிமை கட்டப் பஞ்சாயத்தில் இல்லை. என் பார்வையில் இரண்டுக்கும் இடையிலான அடிப்படை வேறுபாடு இதுதான். மற்றவை எல்லாம் இதிலிருந்து கிளைத்தவை.

கேள்வி: ஒவ்வொரு நாட்டின் குற்றவியல் சட்டமும் வேறு, காவல்துறையும் நீதிமன்றமும் வேறு. அப்படியிருக்க, இந்தத் துறையில் நாடுகள் ஒன்றோடொன்று ஒத்துழைப்பது எப்படிச் சாத்தியமாகிறது? — வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இந்த முறை எந்த ஒரு நாட்டிலும் முழு வடிவில் பிறக்கவில்லை, நாடு விட்டு நாடு போய்த்தான் வளர்ந்தது. 1974இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் எல்மைரா என்னும் சிற்றூரில் இரண்டு இளைஞர்கள் குடிபோதையில் ஒரே இரவில் 22 பேரின் உடைமைகளைச் சேதப்படுத்தினார்கள். நன்னடத்தை அலுவலர் மார்க் யான்ட்ஸியின் யோசனையை நீதிபதி ஏற்றார். இளைஞர்கள் பாதிக்கப்பட்டவர்களின் வீட்டுக் கதவைத் தட்டி, தாங்கள் செய்ததைச் சொல்லி, இழப்பைக் கேட்டறிந்து பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அமெரிக்காவும் பின்னர் ஐரோப்பாவும் இந்த அனுபவத்திலிருந்து கற்றன. நியூசிலாந்திலோ வேறு வேரிலிருந்து ஒரு வடிவம் வந்தது. மாவோரி மக்களின் குடும்பக் கூட்ட மரபைக் கணக்கில் கொண்டு, 1989ஆம் ஆண்டுச் சட்டம் இளஞ்சிறார் வழக்குகளில் குடும்பக் கலந்தாய்வைக் கட்டமைத்தது. 1991இல் அதை ஆஸ்திரேலியாவின் வாகா வாகா நகரத்தில் காவல் அதிகாரி டெரி ஓகானல் கைக்கொண்டார். அங்கிருந்து அது 1990களில் இங்கிலாந்தின் தேம்ஸ் வேலி காவல்துறைக்கு வந்தது.

இந்தப் பயணத்தில் ஒன்று மாறிவிட்டதைக் கவனிக்க வேண்டும். நியூசிலாந்தில் கூட்டத்தை நடத்தியவர் காவல்துறையைச் சேராத ஒருங்கிணைப்பாளர்; அடுத்த நாடுகளில் நடத்தியவர் சீருடை அணிந்த காவலர். கைது செய்தவரே நடுவில் அமர்ந்தால் அது சமரசமாகுமா என்ற கண்டனம் அப்போதே எழுந்தது. அது சரியான கண்டனம் என்றே நானும் கருதுகிறேன். வடிவத்தை மட்டும் எடுத்துவந்து அதன் காவலரணை விட்டுவந்தால் என்ன ஆகும் என்பதற்கு இது உதாரணம். நாடுகள் கூடிப் பேச வேண்டிய தேவையும் இங்கேதான் பிறக்கிறது: அடுத்த நாடு எதைச் செய்தது என்பதோடு, எதில் இடறியது என்பதையும் அறிய வேண்டும்.

ஐரோப்பாவில் அதற்கு ஒரு நிலையான களம் 2000ஆம் ஆண்டு பெல்ஜியத்தின் லூவன் நகரில் அமைந்தது. இன்று மறுசீரமைப்பு நீதிக்கான ஐரோப்பிய மன்றம் என்று அறியப்படும் அந்த அமைப்பில் சமரசர்களும், ஆய்வாளர்களும், நீதிபதிகளும், சிறை அலுவலர்களும் சேர்ந்திருக்கிறார்கள். லூவன் பல்கலைக்கழகத்தின் ஈவோ ஆர்ட்சன் இந்த முயற்சியின் முன்னோடிகளில் ஒருவர். 2002 முதல் 2006 வரை பல நாட்டு ஆய்வாளர்கள் இணைந்து நடத்திய ஐரோப்பிய ஆய்வுத் திட்டத்துக்கும் அவரே தலைமை வகித்தார்.

அரசுகளுக்கிடையிலான ஆவணங்களும் இதே காலத்தில் வந்தன. 1999இல், ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வேறான அமைப்பாகிய ஐரோப்பிய கவுன்சில், குற்ற வழக்குகளில் சமரசம் பற்றிய பரிந்துரையை ஏற்றது. 2002இல் ஐக்கிய நாடுகள் சபையின் பொருளாதார, சமூக மன்றம் அடிப்படைக் கோட்பாடுகளை வகுத்தது. 2012இல் ஐரோப்பிய ஒன்றியம், உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்தும் பாதிக்கப்பட்டோர் உரிமைகளுக்கான நெறிமுறையை இயற்றியது; அதன் 12ஆம் பிரிவு, சந்திப்பு பாதிக்கப்பட்டவரின் நலனுக்காகவே இருக்க வேண்டும், அவருக்கு முழு விவரமும் சொல்லிச் சம்மதம் பெற வேண்டும், அந்தச் சம்மதத்தை அவர் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம், குற்றம் சாட்டப்பட்டவர் நடந்தவற்றின் அடிப்படை உண்மைகளை ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், பேசியது வெளியே போகக் கூடாது என்று வரையறுக்கிறது.

இவ்வளவு இருந்தும் அந்த நெறிமுறை ஒரு பெரிய ஓட்டையோடு நிற்கிறது. சேவை இருக்கும் இடத்தில் அது எப்படி நடக்க வேண்டும் என்று சொல்கிறதே தவிர, ஒவ்வொரு நாடும் சேவையை அளித்தே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. ஆகவே, பின்லாந்தில் அடிபட்டவருக்கு 2006 முதல் சட்டப்படி நாடெங்கும் கிடைக்கும் வாய்ப்பு, ஒன்றியத்தின் வேறொரு நாட்டில் அடிபட்டவருக்குக் கிடைக்காமல் போகலாம். எல்லோருக்கும் பொதுவாகக் கிடைக்கும் சேவையாக இது இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய கவுன்சில் 2018இல் புதிய பரிந்துரை வெளியிட்டது. ஆனால் பரிந்துரை எந்த நாட்டையும் கட்டாயப்படுத்தாது. ஆவணங்களைவிட ஆட்களின் பயிற்சியே அதிகம் சாதித்திருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். பாதிக்கப்பட்டவரிடம் முதல் தொலைபேசி அழைப்பில் என்ன சொல்ல வேண்டும், எதைச் சொல்லக் கூடாது என்பதை எந்தப் பரிந்துரையும் கற்றுத் தராது. பல முறை அதைச் செய்தவரின் பக்கத்தில் உட்கார்ந்துதான் கற்க வேண்டும்.

கேள்வி: கண்ணாடி உடைத்தவனுக்கு இது பொருந்தலாம். கொலைக்கும் பொருந்துமா? மன்னிக்கச் சொல்லி வற்புறுத்துவதாக ஆகிவிடாதா? — வாசகர், திருநெல்வேலி

பதில்: பெல்ஜியத்தின் 2005ஆம் ஆண்டுச் சட்டம் எந்தக் குற்றத்தையும் விலக்கி வைக்கவில்லை. விசாரணையின் எந்தக் கட்டத்திலும், தண்டனை பெற்றுச் சிறையில் இருக்கும்போதும், சம்பந்தப்பட்ட எவரும் சமரசம் கேட்கலாம். பேசியவற்றை இரு தரப்பும் சம்மதித்தால் மட்டுமே நீதிபதியிடம் தெரிவிக்கலாம். தண்டனை தன் வழியில் நடக்கும். சந்திப்பு அதற்குப் பக்கத்தில் நடக்கும்.

ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் நடந்ததை நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். கிப்புஸ்கோவா மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் ஹுவான் மரியா ஹாவுரெகியை பாஸ்க் தனிநாடு கோரிய ஈட்டா ஆயுதக் குழுவினர் 2000ஆம் ஆண்டு ஜூலையில் டொலோசா நகரில் சுட்டுக் கொன்றார்கள். அவருடைய மனைவி மைஷாபெல் லாசா, பின்னர் பாஸ்க் அரசின் பயங்கரவாதத்தால் பாதிக்கப்பட்டோர் அலுவலகத்துக்குத் தலைமை தாங்கியவர். குழுவைக் கைவிட்ட கைதிகள் சிலருக்கும் பாதிக்கப்பட்ட குடும்பத்தினருக்கும் இடையே 2011இல் நடந்த சந்திப்புகளில் அவரும் கலந்துகொண்டு, தன் கணவரைக் கொன்றவர்களில் ஒருவரோடு பேசினார். தண்டனைக் குறைப்பு என்ற பேரம் அங்கே இல்லை. மன்னிப்பு வழங்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. கணவரின் கடைசி நிமிடங்களைப் பற்றியும், ஏன் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைப் பற்றியும் கேட்க மனைவிக்கு இருக்கும் கேள்விகளுக்கு நீதிமன்றத்தில் இடமே இருப்பதில்லை. அந்தக் கேள்விகளுக்கு இடம் வேண்டும் என்பதற்காகத்தான் இதைப் பற்றி மீண்டும் மீண்டும் எழுதுகிறேன்.

மன்னிக்கச் சொல்லும் சமரசர் தன் வேலையைக் கெடுக்கிறார். குடும்ப வன்முறையில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். பெண்களுக்கு எதிரான வன்முறை பற்றிய 2011ஆம் ஆண்டு இஸ்தான்புல் உடன்படிக்கை கட்டாயச் சமரசத்தைத் தடை செய்கிறது. பின்லாந்தில் 2006இல் நடைமுறைக்கு வந்த சட்டமும், நெருங்கிய உறவில் நடந்த வன்முறையில் காவல்துறையோ அரசு வழக்குரைஞரோ மட்டுமே சமரசத்தை முன்மொழியலாம் என்று வரையறுத்தது. அடித்த கணவர் தானாகக் கேட்டு வர அது இடம் தரவில்லை.

கேள்வி: குற்றம் ஒரு நாட்டில் நடந்து, பாதிக்கப்பட்டவர் இன்னொரு நாட்டுக்குத் திரும்பிவிட்டால்? — வாசகி, சிங்கப்பூர்

பதில்: சுற்றுலா போன இடத்தில் தாக்கப்படுவோருக்கு இது அன்றாடச் சிக்கல். இரு நாட்டிலும் ஒவ்வொரு சமரசர் பொறுப்பேற்று, தத்தம் மொழியில் தத்தம் தரப்பைத் தயார் செய்து, கடிதம் வழியாகவோ காணொளி வழியாகவோ தொடர்பு ஏற்படுத்துவதே நடைமுறைக்கு உகந்த வழி. ஒரு நாட்டில் ரகசியமாக இருக்கும் பேச்சு இன்னொரு நாட்டின் வழக்கில் சாட்சியமாகிவிடுமா என்பதை முன்கூட்டியே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

கேள்வி: இலங்கையிலோ இந்தியாவிலோ இதற்கு இடமுண்டா? — வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: உங்கள் நாட்டில் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி மத்தியஸ்த சபைகள் இயங்குகின்றன. சட்டத்தரணிகள் இல்லாமல், கட்டணமில்லாமல், சிறு காயம், சொத்துச் சேதம் போன்ற சில குற்றங்களையும் அவை எடுத்துக்கொள்கின்றன. ஆனால், குறிப்பிட்ட பிணக்குகளில், இணக்கம் ஏற்படவில்லை என்ற சபையின் சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் போக முடியாது என்பதால், ஐரோப்பிய முறையின் உயிர்நாடியான சுயவிருப்பம் இங்கே நுழைவாயிலிலேயே சற்று மங்கிவிடுகிறது.

இந்தியாவில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. ஏழு ஆண்டுகளுக்கு மேல் தண்டனை இல்லாத பல குற்றங்களில், குற்றத்தை ஒப்புக்கொண்டு உடன்பாடு காணும் முறை 2006 முதல் நடைமுறையில் உள்ளது. அதில் பாதிக்கப்பட்டவரும் கலந்துகொண்டு இழப்பீட்டைப் பேசலாம். இன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இது தொடர்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான குற்றங்கள் இதற்கு வெளியே வைக்கப்பட்டுள்ளன. இணக்கமாக முடித்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கும் வழக்குகளை நீதிமன்றமே சமரச மையத்துக்கு அனுப்பலாம் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2017இல் தயாவதி வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. விருப்பமுள்ளவர்கள் தங்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகிக் கேட்கலாம்; அங்கே ஆலோசனை இலவசம்.