உப்புவெளி மணலில் பனிச்சரிவுப் பயிற்சி: வாசகர் கேள்வி - பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் திருகோணமலைப் பக்கத்திலிருந்து, அதுவும் ஒரே விடயத்தைப் பற்றி. கனடாவில் இருக்கும் சொந்தங்கள் கூப்பிட, பிரிட்டிஷ் கொலம்பியா மலைகளில் ஹெலிகொப்டரில் உச்சிக்குப் போய் ஸ்கீயில் இறங்கி வரும் பயணத்துக்கு ஆயத்தமாகிறவர்கள் எழுதியிருக்கிறார்கள். காசு கட்டினால் ஹெலிகொப்டர் வரும். கால் பலத்தையும், பனி சரிந்து புதைந்தவரைத் தேடும் பழக்கத்தையும் ஊரிலேயே சேர்த்துக்கொண்டு போக வேண்டும் என்பதால் அவற்றுக்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

நிலாவெளியில் சுழியோட வருகிறவர்களுக்கு வழிகாட்டியாக வேலை செய்கிறேன். வாடைக்காற்று தொடங்கினால் கடல் வேலை இல்லை. வன்கூவரில் இருக்கும் அண்ணா அடுத்த மாசியில் ஒரு கிழமை ஹெலி ஸ்கீயிங்குக்கு என்னையும் சேர்த்துப் பதியப் போகிறார். பனியைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். பத்து மாதத்தில் தயாராகலாமா?
- சுழியோடி, நிலாவெளி

வரும் மாசிக்கு வேண்டாம். முற்பணம் கட்டுமுன் அண்ணாவிடம் சொல்லிவிடுங்கள். ஒரு கிழமைத் தங்கலுக்கு ஒருவருக்கு 10,000 கனடிய டொலருக்கு மேல் போகும். பிந்திச் சொன்னால் அதில் பெரும் பங்கு திரும்பி வராது.

ஸ்கீ மையங்களில் இயந்திரம் ஓட்டிப் பனியை அழுத்திச் சமன் செய்திருப்பார்கள். ஹெலிகொப்டர் இறக்கிவிடும் சரிவில் அப்படி எதுவும் இல்லை. முழங்கால், சில நாட்களில் தொடை வரை புதையும் தூள் பனி, நடுவே மரங்கள். விழுந்தால் கழன்ற ஸ்கீயைத் தேடி எடுத்து மாட்டவே பத்து நிமிடம் போகும். சிறிய ஹெலிகொப்டரில் நாலைந்து பேர், பெல் 212 போன்ற பெரியதில் பதினொரு பேர் வரை, ஒரு வழிகாட்டியோடு ஒரே குழுவாகப் போவார்கள். ஒருவர் தடுமாறினால் மற்ற எல்லோரும் கீழே குளிரில் நிற்க வேண்டும். களைத்துத் தடுமாறுகிறவருக்குத்தான் முழங்கால் முறுகும்.

கறுப்பு வைரக் குறி போட்ட செங்குத்துச் சரிவில், பனி எப்படிக் கிடந்தாலும், நினைத்த இடத்தில் நிற்கத் தெரிய வேண்டும். அதுதான் அளவுகோல். வயது வந்தபின் தொடங்குகிற ஒருவருக்கு, பயிற்றுநரோடு குறைந்தது 25 முதல் 30 நாள் ஸ்கீ தேவை என்பது எங்கள் கணிப்பு. அதில் கடைசி மூன்றிலொரு பங்கு சமன் செய்யாத பனியில் இருக்க வேண்டும். இலங்கையிலிருந்து கிட்ட உள்ள நல்ல இடம் காஷ்மீரின் குல்மார்க். தையிலிருந்து பங்குனி வரை பனி இருக்கும், தொடக்கக்காரருக்கு ஏற்ற தாழ்ந்த சரிவுகளும் ஸ்கீ கற்பிக்கும் அரச நிறுவனமும் உண்டு. இந்த மாரிக்கு அங்கே இரண்டு கிழமை, அடுத்த மாரிக்கு அண்ணாவோடு வன்கூவருக்குக் கிட்ட உள்ள விஸ்லர் ஸ்கீ மையத்தில் இரண்டு கிழமை, அதற்குப் பிறகு ஹெலி ஸ்கீயிங் என்று திட்டமிடுங்கள்.

இந்த ஆண்டே அண்ணாவோடு இருக்க ஆசை என்றால், ஸ்கீ போடாத விருந்தினரைச் சேர்க்கும் விடுதிகளும் உண்டு. பனிச் சப்பாத்து மாட்டி வழிகாட்டியோடு காட்டுக்குள் நடக்கலாம். பதியும்போதே அப்படிச் சொல்லிப் பதிய வேண்டும். ஒன்று உங்களுக்குச் சாதகம்: முழுக முன் ஒருவர் உபகரணத்தை மற்றவர் பார்ப்பது, துணையைக் கண்ணிலிருந்து விடாதிருப்பது. பனிக் காட்டிலும் உயிர் காப்பது அதே பழக்கம்தான்.

எட்டு வருடம் கல்கரியில் இருந்தேன், ஸ்கீ நன்றாக வரும். இப்போது ஊரோடு. பங்குனியில் போகிறேன். மூன்று மாதம் இருக்கிறது. இந்த வெயிலில் எப்படிப் பயிற்சி எடுப்பது? தினமும் நீந்துகிறேன், போதுமா?
- உவர்மலை வாசகர்

நீச்சல் மூச்சுக்கு நல்லது, தொடைக்குப் போதாது. ஸ்கீயில் தொடைத் தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குகிறது. மலை இறங்கும்போது நடப்பதும் அதுவே. நல்ல பனி நாளில் மொத்தம் 3,000 முதல் 6,000 மீற்றர் வரை கீழே இறங்குவீர்கள், அதுவும் அடுத்தடுத்துப் பல நாள். முதல் நாள் யாருக்கும் தெரியாது. மூன்றாம் நாள் மத்தியானம் கால் நடுங்கத் தொடங்கும்.

உங்களுக்குக் கோணேசர் கோவில் ஏற்றம் பக்கத்திலேயே இருக்கிறது. பிறட்றிக் கோட்டை வாசலிலிருந்து கோவில் வரை விறுவிறுவென ஏறி, இறங்கும்போது வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு அடியிலும் முழங்காலை மடித்துப் பாரத்தைத் தொடையில் வாங்கி இறங்குங்கள். காலை ஆறு மணிக்கு முன், கிழமைக்கு மூன்று நாள். முதல் கிழமை இரண்டு தரம், மூன்றாம் மாதம் ஆறு தரம். கடைசி மாதம் முதுகில் 6 முதல் 8 கிலோ சுமை வையுங்கள். மலையிலும் சவள் முதலியவற்றை முதுகில் சுமந்துகொண்டுதான் இறங்குவீர்கள்.

மற்ற இரண்டு நாள் வீட்டில் சுவர் இருக்கை: முதுகைச் சுவரில் சாய்த்து, கதிரையில் இருப்பது போலத் தொடையைத் தரைக்குச் சமாந்தரமாக்கி நில்லுங்கள். 45 விநாடியில் தொடங்கி இரண்டு நிமிடம் வரை கூட்டுங்கள், நாலு தரம். பிறகு ஒற்றைக் காலில் படியிலிருந்து மெல்ல இறங்குவது, காலுக்குப் பன்னிரண்டு. முழங்கால் உட்பக்கம் சரியாமல் பெருவிரலுக்கு நேரே நிற்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். சரிந்தால் எண்ணிக்கையைக் கூட்டாமல் படியின் உயரத்தைக் குறையுங்கள். உள்ளே சரியும் முழங்காலில்தான் தசைநார் அறுகிறது. புறப்பட முந்திய கிழமை பயிற்சியைப் பாதியாக்குங்கள்.

பனிச்சரிவில் புதைந்தவரைத் தேட மகள் இரண்டு ட்ரான்சீவர் (அலையை அனுப்பவும் பிடிக்கவும் செய்யும் சிறு கருவி), குத்திப் பார்க்க ஒரு மடக்குக் கோல், ஒரு சவள் வாங்கி அனுப்பியிருக்கிறாள். அங்கே போனால் வழிகாட்டி சொல்லித் தருவார்தானே? இங்கே மணலில் பழகிப் பயன் உண்டா?
- உப்புவெளி வாசகர்

நிச்சயமாக உண்டு. விடுதியில் முதல் நாள் காலை ஒன்றிரண்டு மணித்தியாலம் பயிற்சி தருவார்கள். அதற்கு முன்பே கை பழகியிருந்தால் அந்த நேரம் உங்களுக்கு இரண்டு மடங்கு பயன்படும். பனிச்சரிவில் புதைந்தவரை முதல் பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பெரும்பாலும் உயிர் பிழைக்கிறார். அதற்குப் பின் வாய்ப்பு மளமளவென்று இறங்கும். மீட்புப் படை வந்து சேர அவ்வளவு நேரம் போதாது. தேடுவது பக்கத்தில் நிற்கிற நீங்கள்தான். புதைந்தது வழிகாட்டியாகவும் இருக்கலாம்.

ட்ரான்சீவர் எந்த நிறுவனத்தினதாக இருந்தாலும் 457 கிலோஹேர்ட்ஸ் அலையில்தான் வேலை செய்யும். அதனால் எல்லாம் ஒன்றையொன்று கேட்கும். ஒன்றை 'அனுப்பு' நிலையில் வைத்து பிளாஸ்டிக் உணவுப் பெட்டியில் போட்டு மூடி, தும்பு அடைத்த உரச் சாக்குக்குள் வையுங்கள். காய்ந்த மணலில் அரை மீற்றர் ஆழம் தோண்டி, பெட்டி அடியிலும் தும்பு மேலேயும் இருக்கும்படி சாக்கை வைத்து மணலை மூடச் சொல்லுங்கள். நீங்கள் பார்க்கக் கூடாது. நாற்பது மீற்றர் தள்ளி நின்று மற்றதைத் 'தேடு' நிலைக்கு மாற்றித் தொடங்குங்கள். கைப்பேசியை அணைத்துவிடுங்கள். தேடும்போது மின்கருவி எதுவும் ட்ரான்சீவருக்கு அரை மீற்றருக்குள் இருக்கக் கூடாது, 'அனுப்பு' நிலையில் 20 சென்றிமீற்றர் போதும்.

திரையில் அம்பும் எண்ணும் வரும். அம்பு நேராகக் கூட்டிப் போகாது, வளைத்துக் கூட்டிப் போகும். காந்த அலை அப்படி வளைந்துதான் பரவுகிறது. எண் குறைந்துகொண்டே வந்தால் சரியான பக்கம், கூடினால் திரும்புங்கள். மூன்று மீற்றருக்குள் வந்ததும் குனிந்து கருவியை நிலத்தோடு ஒட்டி, திருப்பாமல், சிலுவை போல முன் பின், இட வலமாக மெல்ல நகர்த்துங்கள். இந்த இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் பிழை விடுகிறார்கள். பதற்றத்தில் கருவியைச் சுழற்றினால் எண் துள்ளும், பிறகு எதையும் நம்ப முடியாது. மிகக் குறைந்த எண் வந்த இடத்தில் கோலை நிலத்துக்குச் செங்குத்தாகக் குத்துங்கள். கிடைக்காவிட்டால் 25 சென்றிமீற்றர் இடைவெளியில் சுருள் சுருளாக வெளியே போங்கள். மணலில் கோல் வளையக் கூடும், மெதுவாக இறக்குங்கள். சாக்கில் பட்டால் கையில் மெத்தென்று தெரியும். மனித உடம்பில் பட்டாலும் அப்படித்தான் இருக்கும். அந்த உணர்வைக் கை மறக்கக் கூடாது.

கோல் பட்டதும் அதைப் பிடுங்காதீர்கள். கோலுக்கு நேர் மேலே தோண்டினால் புதைந்தவரின் மூச்சு வெளியின் மேல் நிற்பீர்கள். சரிவின் கீழ்ப்பக்கமாக, ஆழத்தின் ஒன்றரை மடங்கு தள்ளி நின்று உள்நோக்கி வெட்டுங்கள். சரிந்து நின்ற பனி சீமெந்து போல இறுகும். சவளால் அள்ளப் பார்க்காமல், கட்டி கட்டியாக வெட்டிப் பின்னால் தள்ளுங்கள். ஈர மணல் அந்தப் பாரத்தை ஓரளவு காட்டும். முகம் தெரிந்ததும் முதலில் வாயையும் மூக்கையும் துப்பரவாக்க வேண்டும். தொடக்கத்திலிருந்து பெட்டி கைக்கு வரும் வரை நேரம் பிடியுங்கள். எட்டு நிமிடத்துக்குள் மூன்று தரம் தொடர்ந்து வந்தால் நன்று. முடிந்ததும் குழியை மூடிவிடுங்கள், கரைவலைக்காரரும் பிள்ளைகளும் நடக்கிற இடம்.

பழகி முடிந்ததும் பற்றரியைக் கழற்றி வையுங்கள். நம் கரையோர வெக்கையிலும் உப்புக் காற்றிலும் பற்றரி உள்ளேயே கிடந்தால் கசிந்து தொடுமுனையில் பச்சை பூக்கும். பிறகு மலையில் கருவி வேலை செய்யாது. பயணத்துக்குப் புதிய அல்கலைன் பற்றரி போடுங்கள். கையேடு அனுமதித்தால் ஒழிய மீள்மின்னேற்றும் பற்றரி வேண்டாம். அது கடைசியில் சடுதியாக இறங்கும், மீதியைக் கருவி சரியாகக் காட்டாது.

பனிச்சரிவைத் தவிர வேறு என்ன ஆபத்து?
- கன்னியா வாசகர்

மரக்குழி. ஊசியிலை மரத்தின் தாழ்ந்த கிளைகள் பனியைத் தடுப்பதால் அடிமரத்தைச் சுற்றி இறுகாத குழி உண்டாகும். மேலே இருந்து பார்த்தால் தெரியாது. தலைகீழாக விழுந்தால் ஸ்கீ மேலே மாட்டிக்கொள்ளும், துடிக்கத் துடிக்கப் பனி உள்ளே இறங்கி மூச்சை அடைக்கும். மரங்களிடையே எப்போதும் ஒரு துணையோடு, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் போங்கள். ஊன்றுகோலின் பட்டியை மணிக்கட்டில் மாட்டாதீர்கள், விசில் கழுத்துக்குக் கிட்ட இருக்கட்டும். விழப்போகிறீர்கள் என்று தெரிந்தால் கிளையைப் பிடியுங்கள். விழுந்துவிட்டால் துடிக்காமல் முகத்தின் முன் கையால் இடம் உண்டாக்குங்கள். துணை விழுந்தால் காலைப் பிடித்து இழுக்காமல், தலை இருக்கும் பக்கத்துக்குப் பக்கவாட்டில் தோண்டிப் போக வேண்டும்.

நுவரெலியாவுக்குப் போட்ட தடித்த ஸ்வெட்டர், ஜீன்ஸ் இருக்கிறது. மேலே ஒரு ஜக்கெட் வாங்கினால் போதாதா?
- திருகோணமலை நகர வாசகி

போதாது. ஜீன்ஸும் பருத்திப் பெனியனும் வியர்வையைக் குடித்து வைத்திருக்கும், ஹெலிகொப்டருக்குக் காத்து நிற்கையில் அந்த ஈரம் உடம்புச் சூட்டை இழுத்துவிடும். உடம்போடு ஒட்டி மெரினோ கம்பளியோ பொலியெஸ்டரோ, அதன் மேல் மெல்லிய ஃபிளீஸ், வெளியே காற்றும் நீரும் புகாத ஜக்கெட்டும் காற்சட்டையும். சாதாரணமாக மறை 5 முதல் 15 பாகை செல்சியஸ், சில நாள் மறை 25. கையுறை இரண்டு சோடி. மேஸ் ஒரு சோடிதான், அதுவும் மெல்லியது. இரண்டு மேஸ் போட்டால் சப்பாத்து இறுகி இரத்த ஓட்டம் குறையும், கால் இன்னும் குளிரும். சப்பாத்து மட்டும் உங்கள் சொந்தமாக, காலுக்கு அளந்து வாங்கியதாக இருக்கட்டும். அகலமான ஸ்கீயை விடுதியே தரும்.

எங்கள் நிறத் தோலில் குளிர் கடிப்பதன் வெளிறல் சட்டென்று தெரியாது. மூக்கோ கன்னமோ மரத்துப் போனால் உடனே உள்ளங்கையால் பொத்திச் சூடாக்குங்கள், தேய்க்க வேண்டாம்.

ஹெலிகொப்டரில் ஏறி இறங்கும்போது கவனிக்க வேண்டியது?
- சீனக்குடா வாசகர்

விமானி காணும் முன்பக்கமாக, வழிகாட்டி சைகை காட்டிய பின், குனிந்து போங்கள். பின்பக்கச் சிறு விசிறி சுழலும்போது கண்ணுக்கே தெரியாது, அந்தப் பக்கம் ஒருபோதும் வேண்டாம். சரிவின் மேட்டுப் பக்கத்திலிருந்தும் கிட்டப் போகாதீர்கள், அங்கே மேல் விசிறி தலைக்கு மிகக் கிட்ட வரும். ஸ்கீயைத் தோளில் வைக்காமல் இடுப்பளவில் கிடையாகப் பிடியுங்கள். இறங்கியதும் பொருட்களின் பக்கத்தில் முழந்தாளிட்டு, அது மேலெழும்பிப் போகும் வரை அசையாதிருங்கள்.

காப்புறுதி?
- மூதூர் வாசகர்

சாதாரணப் பயணக் காப்புறுதியில் ஹெலி ஸ்கீயிங் பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும். அந்தச் சொல்லே பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மலையிலிருந்து வைத்தியசாலைக்கு வான்வழி ஏற்றும் செலவும், மூடுபனியால் பறக்க முடியாத நாட்களும் எப்படிக் கணக்கிடப்படும் என்றும் கேளுங்கள். சில விடுதிகளுக்கு ஹெலிகொப்டரில்தான் போய்ச் சேர முடியும். அங்கே சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி ஏற்றமாட்டார்கள், மெத்தென்ற துணிப் பையில் அடுக்குங்கள்.

நாங்கள் போகும் கிழமையில் மகா சிவராத்திரி வருகிறது. வருடா வருடம் கோணேசர் கோவிலில் கண்விழித்து விரதம் இருப்பேன். விரதத்தோடு ஸ்கீ போடலாமா?
- உவர்மலை வாசகி

வெறும் வயிற்றில் பறக்க வேண்டாம். குளிரில் உடம்பு சூட்டைக் காப்பதற்கே நிறையச் சத்தைச் செலவழிக்கும், களைப்பு முதலில் தீர்மானிக்கும் திறனைத்தான் தாக்கும். விரதத்தை விடவும் வேண்டாம். அன்றைக்கும் கண்விழித்த மறுநாளைக்கும் பறப்பதில்லை என்று முதல் நாளே வழிகாட்டியிடம் சொல்லுங்கள், அதற்கேற்பக் குழுவை அமைப்பார்கள். மரக்கறிச் சாப்பாடும் பதியும்போதே எழுத்தில் கேளுங்கள். இப்படியான விடுதிகளுக்குச் சாமான் முன்கூட்டியே ஏற்றப்படுவதால், போன பிறகு கேட்டால் சமையற்காரரிடம் இருப்பதுதான் கிடைக்கும்.