பாலன் இன்னும் வரவில்லை

அன்பின் ஐயாவுக்கு,

நான் மன்னாரில் பிறந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் இருக்கிறோம். கணவரும் நானும் வேலைக்குப் போகிறவர்கள். மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு ஐந்து. நவம்பர் பாதியிலேயே கடைகளில் நத்தார் பாட்டுத் தொடங்கிவிடுகிறது. பிள்ளைகளின் நச்சரிப்புத் தாங்காமல் டிசம்பர் 1ஆம் திகதியே மரத்தை வைத்துவிடுகிறேன். 25ஆம் திகதி வரும்போது எல்லோருக்கும் அலுத்துப்போகிறது. நத்தாருக்கு முந்திய நான்கு கிழமை, திருவருகைக் காலம் என்று ஒன்று வந்து போனதே தெரிவதில்லை. போன வருடம் நான்கு மெழுகுதிரி வைக்கும் வளையம் ஒன்று வாங்கினேன். "இது வெள்ளைக்காரன் பழக்கம், எங்களுக்கு என்னத்துக்கு?" என்றார் மாமி. உங்கள் வீட்டில் இந்த நான்கு கிழமையும் எப்படி இருந்தது? எழுதுவீர்களா?

– வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி

அன்பின் சகோதரிக்கு,

"25ஆம் திகதி வரும்போது அலுத்துப்போகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தேன். என் பேரப்பிள்ளைகளின் வீட்டிலும் இதைத்தான் பார்க்கிறேன். பெருநாள் வாசலுக்கு வருமுன்பே அதைத் தின்று முடித்துவிடுகிறோம்.

நான் கொட்டாஞ்சேனையில் அம்மம்மாவின் வீட்டில் வளர்ந்தவன். டிசம்பர் 8ஆம் திகதி, அமலோற்பவ மாதாவின் திருநாளன்று பின்னேரம், யேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் குடில் வேலை தொடங்கும். சாக்குத் துணியைக் களிமண் கரைசலில் தோய்த்து மலை செய்வோம். 13ஆம் திகதி புனித லூசியாளின் நாள். எங்கள் பேராலயத்தின் பாதுகாவலி அவர். அன்றைக்கு வெறும் ரின்பால் பேணிகளில் மண் போட்டு, ஊறவைத்த நெல்லைத் தூவுவோம். 24ஆம் திகதி அது நான்கு விரல் உயரத்துக்குப் பச்சையாக நிற்கும். அதுதான் குடிலுக்குப் புல். காலையில் எழும்பியதும் பல் தீட்டுமுன்பே பேணியைப் போய்ப் பார்ப்பேன். நாள் எண்ணுவதற்கு எனக்குக் கலண்டர் தேவைப்படவில்லை.

மாதா, சூசையப்பர், இடையர், மாடு, கழுதை எல்லாம் குடிலுக்குள் போய்விடும். நடுவில் வைக்கோல் மட்டும் கிடக்கும். பாலன் யேசு அலுமாரிக்குள், அம்மம்மாவின் சேலைகளுக்கு இடையில், ஒரு சவர்க்காரப் பெட்டியில் பஞ்சு சுற்றிக் கிடப்பார். "பாலன் எங்க அம்மம்மா?" என்று கேட்டால், "இன்னும் வரேல்லை" என்பார். எனக்கு ஏழு வயதாக இருந்தபோது, அவர் பூசைக்குப் போன நேரம் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பூச்சி உருண்டை மணத்தோடு, வலது கையில் வர்ணம் உரிந்த ஒரு சின்னப் பொம்மை. ஏமாற்றமாக இருந்தது. நடுச்சாமப் பூசை முடிந்து வந்து, லைற்றை எல்லாம் அணைத்துவிட்டு, வீட்டில் ஆகச் சின்னவனான என் கையில் அதே பொம்மையைத் தந்து வைக்கோலில் கிடத்தச் சொன்னார். கை நடுங்கியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பன்னிரண்டு நாளைக்கு முன்னால் நான் தொட்ட பொம்மைதான் அது. இடையில் நடந்தது காத்திருப்பு மட்டுமே.

கோயிலும் இதையே வேறு விதமாகச் செய்கிறது. நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும் ஞாயிறு தொடக்கம் குருவானவர் ஊதா உடுப்பில் வருவார். மூன்றாம் ஞாயிறன்று மாத்திரம் ரோசா நிறம் உடுக்கலாம்; அது மகிழ்ச்சி ஞாயிறு. முதல் கிழமைகளின் வாசகங்கள் ஆண்டவரின் இரண்டாம் வருகையைப் பற்றியும் மனந்திரும்பச் சொல்லும் ஸ்நாபக யோவானைப் பற்றியும் இருக்கும். 17ஆம் திகதியிலிருந்துதான் பெத்லகேமை நோக்கித் திரும்பும். இந்த ஞாயிறுகளில் 'உன்னதங்களிலே' என்ற புகழ்ப் பாட்டைப் பாடுவதில்லை. நடுச்சாமப் பூசையில் மணியடித்து அதைப் பாடும்போது உடம்பு சிலிர்ப்பது இத்தனை நாள் பாடாமல் இருந்ததால்தான். மகளிடம் இதைச் சொல்லி வையுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு நன்றாக விளங்கும்.

மாமி சொன்னது சரிதான், அந்த வளையம் ஜெர்மனியில் பிறந்தது. ஹம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய யோகான் ஹின்ரிக் விகர்ன் என்ற லூத்தரன் போதகர் 1839இல் ஒரு வண்டிச் சில்லில் அதைச் செய்தார். ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய வெள்ளை மெழுகுதிரி, மற்ற நாட்களுக்குச் சின்னச் சிவப்பு மெழுகுதிரிகள். நத்தாருக்கு இன்னும் எத்தனை நாள் என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்ததுதான் காரணம் என்பார்கள். உங்கள் வீட்டு நச்சரிப்பேதான். அது லூத்தரன் வீடுகளிலிருந்து பிறகு கத்தோலிக்கரிடமும் வந்தது. ஆகவே மாமியோடு வழக்காட வேண்டாம். உங்கள் தெருவிலேயே அந்த நாட்களில் சைவ வீடுகளின் கார்த்திகை விளக்கீட்டுக்காகச் சிட்டி விளக்குகள் விற்பார்கள். நான்கு வாங்கி, ஒரு தட்டில் மணல் பரப்பி வையுங்கள். தேங்காய் எண்ணெய் ஊற்றித் திரி போடுவதை மாமியிடமே விடுங்கள். ஞாயிறு இரவு சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம் போதும். முதல் கிழமை ஒன்று, அடுத்த கிழமை இரண்டு. மற்ற லைற் எல்லாம் அணைந்திருக்க வேண்டும், அது முக்கியம்.

கேக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது எல்லோரும் கடையில் ஓடர் கொடுக்கிறார்கள், வேலைக்குப் போகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் ஒரு ஞாயிறு முழுக்கக் கஜுவும் பிளம்ஸும் சீனிப்பாகில் ஊறிய நீற்றுப்பூசணியும் வெட்டுவோம். பேப்பரை விரித்து, எல்லோரும் நிலத்தில் சம்மணமிட்டு இருந்து வெட்ட வேண்டும். அப்பாவும்தான். பிறகு ரவையை வறுத்து, மஞ்சட்கருவும் சீனியும் பட்டரும் அடித்து, தட்டுகளைப் பேக்கரிப் போறணைக்குக் கொண்டுபோவோம். யாருடைய தட்டு என்று தெரிய ஓரத்தில் பெயர் எழுதிய துண்டு இருக்கும். அந்த வருடம் எந்த வீட்டோடு கதை பேச்சு இல்லையோ, அந்த வீட்டுக்குத்தான் முதல் தட்டம் போக வேண்டும் என்பது அம்மம்மாவின் சட்டம். குருவானவரிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகுமுன் அதைக் கொடுத்துவிட வேண்டும். ஒரு முறை அப்பா அந்தத் தட்டத்தோடு படலை வரைக்கும் போய், திரும்பி வந்து, சட்டை மாற்றிக்கொண்டு மறுபடியும் போனார். வெட்டுகிற அந்த ஒரு ஞாயிறையாவது உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பாதியைத் தின்றாலும் பரவாயில்லை.

2019இல் எங்கள் வீட்டில் நட்சத்திரம் கட்டவில்லை, மரம் வைக்கவில்லை. ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்ப்புப் பெருநாளன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்த வருடம் அது. எங்களுக்குத் தெரிந்தவர்களும் அன்று இறந்துபோனார்கள். டிசம்பரில் பூசைக்குப் போகும்போது வாசலில் பைகளைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே போனோம். ஆனால் குடில் கட்டினோம், நெல்லும் தூவினோம். இருளில் நடந்த மக்களைப் பற்றிய ஏசாயாவின் வாசகம் அந்தச் சாமப் பூசையில் வந்தபோது, பக்கத்தில் இருந்த பெண் வாய்விட்டு அழுதார். கொண்டாட முடியாத வருடத்திலும் காத்திருக்க முடிந்தது. திருவருகைக் காலத்தை நான் சரியாக விளங்கிக்கொண்டது அந்த வருடம்தான் என்று நினைக்கிறேன்.

மரத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஒரேயடியாக 24ஆம் திகதிக்குத் தள்ளினால் பிள்ளைகள் தாங்கமாட்டார்கள். 17ஆம் திகதி மரத்தை வையுங்கள், பல்பைக் கொளுத்த வேண்டாம். 24ஆம் திகதி இரவு பூசையால் வந்து மகன் சுவிச்சைப் போடட்டும். நெல்லு வெள்ளவத்தையில் கிடைக்காவிட்டால் பயறு போதும், அது இன்னும் கெதியாக முளைக்கும்.

குடில் பெட்டியை இறக்கும் அன்றைக்கே பாலனை எடுத்து ஒளித்துவிடுங்கள். இடத்தை மகளிடம் சொல்லாதீர்கள். அவள் எப்படியும் தேடிக் கண்டுபிடிப்பாள். கண்டுபிடித்ததை நீங்கள் அறிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

அன்புடன்.