ரினவுன்ஸ் இருக்க அப்ஜூர் எதற்கு?

கேள்வி: அமெரிக்கக் குடியுரிமை உறுதிமொழியில் 'ரினவுன்ஸ் அண்ட் அப்ஜூர்' என்று சேர்ந்தே வருகிறது. அகராதியில் இரண்டுக்கும் 'துறத்தல்' என்றுதான் போட்டிருக்கிறது. ஆங்கிலக் கட்டுரையில் அப்ஜூரைத் தனியாக எழுதலாமா?

பதில்: எழுதலாம், எதைத் துறக்கிறோம் என்று பார்த்து. லத்தீனில் 'அப்' என்றால் விலகி. 'யூராரே' என்றால் சத்தியம் செய்தல். ஜூரி, பெர்ஜுரி (பொய்ச் சத்தியம்) எல்லாம் அதே வேரில் வந்தவை. ரினவுன்ஸ் என்றால் அறிவித்துக் கைவிடுவது. அப்ஜூர் என்றால் சத்தியம் செய்து கைவிடுவது. முந்தைய நாட்டின் மீதுள்ள விசுவாசத்தைக் கைவிடும் இடத்தில் இரண்டையும் அடுக்கியது சட்ட ஆங்கிலத்தின் பழக்கம்; ஒன்றே போதும் என்று வழக்கறிஞர்கள் லேசில் விடமாட்டார்கள்.

சொல்லின் கனம் பழைய இங்கிலாந்துச் சட்டத்தில் நன்றாகத் தெரியும். குற்றம் செய்தவன் தேவாலயத்துக்குள் தஞ்சம் புகுந்தால் சுமார் 40 நாள் அவகாசம். அதற்குள் கொரோனர் என்ற அதிகாரி முன் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 'நாட்டை விட்டுப் போகிறேன், அரசன் அனுமதியின்றித் திரும்பமாட்டேன்' என்று சத்தியம் செய்தால் தலை தப்பும். சொத்து போய்விடும். குறித்துக் கொடுத்த துறைமுகத்துக்கு நெடுஞ்சாலையை விட்டு விலகாமல் நடக்க வேண்டும்; அனுமதியின்றித் திரும்பி வந்தால் தூக்கு. இதற்குப் பெயரே 'நாட்டை அப்ஜூர் செய்தல்'. 1633 ஜூன் 22 அன்று ரோமில் கலிலியோ மண்டியிட்டு, பூமி சுற்றுகிறது என்ற கருத்தைக் கைவிடுவதாக வாசித்ததையும் இந்தச் சொல்லால்தான் குறிப்பிடுகிறார்கள்.

ஆகவே கொள்கை, மதம், விசுவாசம், உரிமை ஆகியவற்றுக்கு இது கச்சிதம். சத்தியம் இல்லாமலும் 'வன்முறையை அப்ஜூர் செய்தனர்' என்று இன்று தாராளமாக எழுதுகிறார்கள்; தவறில்லை. டீயை நிறுத்தியதற்குப் போட்டால் கிண்டலாகத்தான் படும். பதவி என்றால் ரிசைன், அரியணை என்றால் அப்டிகேட்.

பிழை வரும் இடம் பெரும்பாலும் இலக்கணம். தமிழில் 'அதிலிருந்து விலகினார்' என்று சொல்லிப் பழகியதால் பின்னால் 'ஃப்ரம்' ஒட்டிக்கொள்ளும். வேண்டாம், விடும் பொருள் நேராக வினையை அடுத்து வர வேண்டும். 'டு' போட்டு இன்னொரு வினையைக் கோப்பதும் தவறு. எழுத்துக்கூட்டும்போது இரண்டாம் எழுத்தைப் பாருங்கள்: 'பி'க்குப் பதில் 'டி' விழுந்தால் அது அட்ஜூர், அதாவது ஆணையிட்டு வற்புறுத்துவது. ஸ்பெல் செக்கரும் காட்டிக்கொடுக்காது, அதுவும் சரியான சொல்தானே.