அதிபருக்கு ஆசி சொன்ன பங்க்கர்

கேள்வி: ஆளுமைச் சோதனை ஒன்றில் எனக்கு 'உள்முகம், ஒழுங்கு, திட்டமிடுபவர்' என்று முடிவு வந்திருக்கிறது. நானோ பங்க் ராக் என்ற வேகமான முரட்டு இசைக்கு வெறியன். லெதர் ஜாக்கெட் இல்லாமல் வெளியே போகமாட்டேன். என் ஆளுமைக்கு பங்க் ஒத்துவருமா?

பதில்: ஜாக்கெட்டா! அதற்கு நீங்கள் ஜானி ரமோனிடம் அல்லவா அனுமதி வாங்க வேண்டும்? அவருடைய ரமோன்ஸ் என்ற அமெரிக்க பங்க் குழுவில் எல்லாருக்கும் ஒரே மாதிரி லெதர் ஜாக்கெட், கிழிந்த ஜீன்ஸ். சீருடை விஷயத்தில் பள்ளிக்கூடம் தோற்றது. அதில் கண்டிப்பாக இருந்தவர் கிட்டார்காரர் ஜானி. நடந்த கச்சேரிகளை நோட்டுப் போட்டுக் குறித்து வைத்த மனிதர். 2002-ல் ராக் இசைக்காரர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் குழுவைச் சேர்த்தபோது, மேடையேறி அமெரிக்க அதிபர் புஷ்ஷுக்குக் கடவுளின் ஆசியை வேண்டினார். உங்கள் சோதனையை அவர் எழுதியிருந்தால் வங்கி மேலாளர் வேலைக்குச் சிபாரிசு செய்திருக்கும்.

பாடகர் ஜோயி நேர் எதிர்: இடதுசாரிச் சார்பு, கூச்சம், செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் ஓசிடி. இருவருக்கும் எண்பதுகளில் முட்டிக்கொண்டது. காரணம் ஒரு காதல், அதற்குள் நாம் போக வேண்டாம். அப்புறம் 1996-ல் குழு கலையும்வரை கிட்டத்தட்ட பேச்சே இல்லை. ஒரே வேனில் ஊர் ஊராகப் போய், ஒரே மேடையில் நின்று, பேசாமலே வாசித்தார்கள். இத்தனைக்கும் பெயரளவில் எல்லாரும் 'ரமோன்', அண்ணன் தம்பி மாதிரி! நிஜத்தில் சொந்தக்காரர் ஒருவர்கூடக் கிடையாது.

சோதனை என்றீர்களே. நான்கு எழுத்தில் ஆளை அடக்கும் மையர்ஸ்-பிரிக்ஸாக இருந்தால், அதை உருவாக்கிய அம்மாவும் மகளும் முறைப்படி உளவியல் படித்தவர்கள் அல்லர். உளவியலாளர் கார்ல் யுங் 1921-ல் எழுதியதைப் பிடித்துக்கொண்டு 16 ஆளுமைப் பெட்டிகள் செய்தார்கள். இந்தப் பெட்டி வியாபாரத்தைப் பற்றி நான் புலம்பாத இதழே இல்லை என்று பிழைதிருத்துபவர் முணுமுணுக்கிறார். சரி, அவருக்காக உருப்படியான ஒன்று: ரென்ட்ஃப்ரோ, காஸ்லிங் என்ற இருவர் 2003-ல் இசை ரசனையையும் ஆளுமையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ராக், ஹெவி மெட்டல் என்று முரட்டு இசை பிடித்தவர்களிடம் தெரிந்தது புதியதைத் தேடும் மனம். சிடுசிடுப்போ மனக்கொந்தளிப்போ கூடுதலாக இல்லை. மற்றபடி திட்டமிடுபவர்களை யாரும் வாசலில் நிறுத்தவில்லை.

நீளமான கிட்டார் சோலோவை, அதாவது தனி வாசிப்பை, திட்டினால் எனக்கு வசைக்கடிதம் எழுதும் நண்பர்கள் இதையும் படிப்பார்கள். ஐயா, ரமோன்ஸின் 1976 முதல் ஆல்பத்தில் 14 பாட்டு, மொத்தம் 29 நிமிடம். உங்கள் ஆள் ஒரு கால்மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு கம்பியை இழுப்பதற்குள், இவர்கள் ஏழு பாட்டை முடித்துவிடுவார்கள்.

அந்த வேகத்துக்கு அடிக்க டிரம்மரே கிடைக்கவில்லை. வந்தவர்களுக்கு எல்லாம் எப்படி அடிக்க வேண்டும் என்று வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார் டாமி. அவர் வந்தது மேனேஜர் வேலைக்கு. காட்டிக் காட்டி, கடைசியில் அவரையே உட்கார வைத்துவிட்டார்கள். திட்டமிடுபவர் என்கிறீர்கள், ஜாக்கெட்டும் இருக்கிறது. குச்சி பிடிக்கத் தெரியுமா?