மாலை நேர ஆன்லைன் வகுப்பு: உழைப்புக்கு ஏற்ற வருமானம் வர

வணக்கம். பள்ளியில் ஆசிரியர் வேலை முடிந்தபின் தினமும் 3 மாணவர்களுக்குத் தனித்தனியாக ஆன்லைனில் கணக்கு எடுத்தும் களைப்புதான் மிச்சம் என்று எழுதியிருந்தீர்கள். பாடம் 1 மணி நேரம்தான். ஆனால் தயாரிப்பு, விடை திருத்துவது, பெற்றோருக்குப் பதில் எல்லாம் சேர்ந்தால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகும். கட்டணத்தை அந்த மொத்த நேரத்தால் வகுத்துப் பாருங்கள், உண்மை நிலை தெரிந்துவிடும்.

ஒரே நிலையில் உள்ள 4 பேரைக் குழுவாக்குங்கள். தலைக்குப் பாதிக் கட்டணம் வாங்கினாலும் அந்த மணிக்கு இரண்டு மடங்கு வரும், தயாரிப்பும் ஒரே தடவைதான். 6 பேரைத் தாண்டினால் யார் எங்கே தடுமாறுகிறார் என்பதைத் திரையில் கவனிப்பது கடினம். வெவ்வேறு நிலையினர் கலந்தால் கெட்டிக்காரப் பிள்ளை சலித்து முதலில் விலகும். அதனால் சேர்க்கும் முன் 15 நிமிடச் சிறு தேர்வு வையுங்கள். மாதக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்குங்கள். வகுப்புக்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் அந்த வகுப்புக்கும் கட்டணம் உண்டு என்பதை எழுத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

இதற்கெல்லாம் முன், உங்கள் பணி விதிகளைப் படியுங்கள். சில நாடுகளில் ஆசிரியர்கள் தனிவகுப்பு எடுப்பதைச் சட்டமே தடுக்கிறது. அங்கே இந்த வழியே வேண்டாம். அனுமதி கிடைக்கும் இடமென்றால் எழுத்தில் வாங்குங்கள். நீங்களே மதிப்பெண் போடும் மாணவரை மட்டும் எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள்.