டல்லாவுக்குப் படகு இருக்கிறது

கேள்வி: எனக்கு வயது 57. ரங்கூனில் குடியிருக்கிறோம். என் ஒரே தம்பி குடிக்கு அடிமை. மனைவி இறந்தபின் இன்னும் மோசமாகிவிட்டான். ஒன்பது ஆண்டுகளாகச் செவ்வாய்தோறும் அந்தோணியார் நவநாள் செபத்தில் அவனுக்காக மன்றாட்டுச் சீட்டு எழுதிப் போடுகிறேன். ஒவ்வொரு பிப்ரவரியிலும் நியாங்லெபின் லூர்து மாதா திருவிழாவுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். அவன் ஆற்றுக்கு அக்கரையில் டல்லாவில் இருக்கிறான். அம்மாவின் அடக்கத்துக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போனதில்லை, படகுக் கூட்டம் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. மகள் திருமணத்துக்கும் அவனை அழைக்க முடியவில்லை. மகன் அகுஸ்தினாருக்காக அழுத புனித மோனிக்காவைப் போல அழுதும் பலன் இல்லை. இப்போதெல்லாம் செபிக்கும்போது கடவுள் பக்கத்தில் இருப்பதாகவே தோன்றவில்லை. என் செபத்தில் என்ன குறை? இதைவிட வல்லமையான செபம் ஏதாவது உண்டா?
ஒரு சகோதரி, ரங்கூன்

பதில்:

சகோதரி, வல்லமையான செபம் எதுவும் என் கைவசம் இல்லை. இருந்தாலும் இப்போது உங்களுக்குக் கொடுக்கமாட்டேன். கணவனுக்காக, மகனுக்காக, தம்பிக்காக ஒன்பது வருடம், பன்னிரண்டு வருடம் செபித்தேன் என்று எழுதுகிறவர்கள் எனக்குப் புதியவர்கள் அல்லர். அந்தக் கடிதங்களில் செபத்தைப் பற்றி எழுதியதை நான் வேகமாகப் படித்துவிடுவேன். போகிற போக்கில் எழுதிய வரியில்தான் நிற்பேன்.

உங்கள் கடிதத்தில் அந்த வரி, "படகுக் கூட்டம் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை" என்பது.

பான்சோடன் ஜெட்டியில் ஏறினால் டல்லாவுக்குப் பத்து நிமிடம். இந்தக் கரையில் நின்றாலே அந்தக் கரை தெரியும். நியாங்லெபின் பெகு நகரையும் தாண்டி இருக்கிறது. திருவிழாக் காலத்தில் அந்த பஸ்ஸில் கால் வைக்க இடம் கிடைக்காது. இறங்கினால் தலைக்கு மேல் தலை. அந்தக் கூட்டம் மட்டும் ஒன்பது ஆண்டுகளாக உங்கள் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறது. உங்களுக்கு ஒத்துக்கொள்ளாதது அக்கரையில் இருக்கிற ஆள். சாராய வாடையோடு ஒருவன் ஊர் பார்க்க "அக்கா" என்று கூப்பிட்டுவிடுவான் என்ற பயத்துக்குப் படகைக் காரணமாக்குகிறீர்கள்.

மகள் திருமணத்துக்கு அழைக்க முடியவில்லையா, அழைக்கவில்லையா? தாய்மாமன் ஆற்றுக்கு அப்பால் உயிரோடு இருக்கும்போது அவன் இடத்தில் யாரை நிறுத்தினீர்கள்? சம்பந்தி வீட்டாரிடம் என்ன சொன்னீர்கள்? குடிகாரனை வைத்துக்கொண்டு ஒரு கல்யாணத்தை நடத்துவது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். அவன் வராமலே இருந்திருக்கலாம், குடித்துவிட்டு வந்து உங்களைத் தலைகுனிய வைத்திருக்கலாம். ஆனாலும் அழைப்பு என்று ஒன்று அவன் வாசலுக்குப் போயிருக்கவேண்டும். அக்காள் பாதித் தாய் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். தாயும் மண்ணுக்குள் போய், மனைவியும் போய்விட்ட ஒருவனுக்கு நீங்கள் பாதித் தாய்கூட இல்லை, முழுத் தாய்.

மோனிக்காவைத் துணைக்கு அழைத்திருக்கிறீர்கள். அவருடைய கண்ணீரை எடுத்துக்கொண்டு கால்களை விட்டுவிட்டீர்கள். 383-ஆம் ஆண்டு, கார்த்தேஜ் துறைமுகத்தில் அகுஸ்தினார் தாயிடம் பொய் சொல்லிவிட்டு இரவோடு இரவாக ரோமுக்குக் கப்பலேறினார். அந்த இரவு முழுவதும் மோனிக்கா புனித சிப்பிரியானின் நினைவுக் கோவிலில் செபித்துக்கொண்டிருந்தார். விடிந்தபோது மகனும் இல்லை, கப்பலும் இல்லை. அந்தக் கோவிலே போதும் என்று அவர் அங்கே உட்கார்ந்துவிடவில்லை. பின்னாலேயே கடல் கடந்தார். வழியில் ஆபத்து வந்தபோது மாலுமிகளுக்கே அவர்தான் தைரியம் சொன்னார் என்று அகுஸ்தினாரே எழுதிவைத்திருக்கிறார். மிலானில் மகனோடு, மகன் எப்படி வாழ்ந்தாரோ அந்த வீட்டிலேயே போய்த் தங்கினார். 387-ஆம் ஆண்டு பாஸ்கா (ஈஸ்டர்) திருவிழாவில் ஆயர் அம்புரோசின் கையால் மகன் திருமுழுக்குப் பெற்றதைப் பார்த்தார், அதே ஆண்டு ஓஸ்தியாவில் கண்மூடினார். அந்தத் தாய் மத்தியதரைக் கடலைக் கடந்தார். உங்களுக்கு முன்னால் இருப்பது ரங்கூன் ஆறு.

இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருவதற்குக் காரணம் உண்டு. 1964-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கடைகளைப் பர்மா அரசு எடுத்துக்கொண்டபின் நம் ஜனங்கள் லட்சக்கணக்கில் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். அண்ணன் போனான், தங்கை இங்கேயே நின்றாள். அப்படிப் பிரிந்த எத்தனையோ பேர் கடிதத்திலேயே உறவு கொண்டாடி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே செத்துப்போனார்கள். கூடப்பிறந்தவர்களுக்காகச் செபம் மட்டுமே செய்ய முடிந்தவர்கள் அவர்கள். போக வழியில்லாததால் செபித்தார்கள். உங்களுக்கு வழி இருக்கிறது, படகும் இருக்கிறது.

பரிந்துரை என்ற சொல்லுக்குள்ளேயே பரிவு இருக்கிறது, சகோதரி. யாருக்காகப் பேசுகிறோமோ அவன் பக்கத்தில் நின்று பேசுவது அது. பொன் கன்றுக்குட்டியை வணங்கிய மக்களுக்காக மோசே மன்றாடியபோது, அவர்கள் பாவத்தை மன்னியும், இல்லாவிட்டால் உமது நூலிலிருந்து என் பெயரையும் நீக்கிவிடும் என்றார். அவர்களில் ஒருவராக நின்றார். நீங்கள் உங்கள் தம்பிக்கு எதிரே நின்றுகொண்டு சீட்டில் எழுதிப் போடுவது புகார்.

கடவுள் பக்கத்தில் இருப்பதாகத் தோன்றவில்லை என்கிறீர்கள். அதே மோசே, நீர் எங்களோடு வராவிட்டால் எங்களை இங்கிருந்து போகச் சொல்லாதேயும் என்றும் கேட்டார். பயணம் புறப்படுகிற மனிதன் கேட்ட கேள்வி அது. நீங்களோ புறப்படவே இல்லை. பலிபீடத்தின் முன் நிற்கும்போது சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டு என்று நினைவு வந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்றார் இயேசு. பூசை முடிந்தபின் போ என்று சொல்லவில்லை.

ஆகவே இந்தச் செவ்வாய்க்கிழமை நவநாளுக்குப் போகவேண்டாம். காலையில், அவன் முதல் குவளையை எடுப்பதற்கு முன் டல்லாவில் இறங்குங்கள். உங்கள் அம்மா வைக்கும் பக்குவத்தில் ஒரு மீன்குழம்பு வைத்துத் தூக்குச்சட்டியில் கொண்டுபோங்கள். கையில் பணம் கொடுக்காதீர்கள். புத்தி சொல்லாதீர்கள். மாதா படத்தின்மேல் சத்தியம் வாங்கவே வாங்காதீர்கள். காப்பாற்ற முடியாத சத்தியத்தை வாங்கினால் அதை மீறிய வெட்கத்துக்கும் சேர்த்துக் குடிப்பான். இன்றே விட்டுவிடு என்றும் சொல்லக்கூடாது. ஆண்டுக்கணக்கில் தினமும் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் நடுக்கம் கண்டு, வலிப்பு வந்து, உயிரே போய்விடலாம். அவன் சம்மதிக்கிற நாளில் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள், நீங்களும் உள்ளே போய் உட்காருங்கள்.

அவன் ஏசினால் அடுத்த படகில் திரும்பி வாருங்கள். அடுத்த செவ்வாய் மறுபடி போங்கள். அவன் திருந்துவான் என்று நான் சொல்லமாட்டேன், எனக்குத் தெரியாது. படகில் போகும்போது செபமாலை சொல்லுங்கள், அதை நிறுத்தச் சொல்லவில்லை.

உங்கள் கடிதத்தில் "தம்பி" இருக்கிறான், "அவன்" இருக்கிறான். அவனுடைய பெயரை எங்கும் காணோம். போய்ப் பார்த்துவிட்டு வந்து எனக்கு எழுதும்போது பெயரை எழுதுங்கள். என் செபத்தில் சொல்ல அது எனக்கு வேண்டும்.